சுதை: மகேந்திரர் விலக்கிய பொருள் கோபுரம் ஏறிய கதை

செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள பாறையொன்றைக் குடைந்து கோயில் எடுத்தார் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மர். அக்குடைவரையின் வடமொழிக் கல்வெட்டை வரலாற்று அன்பர்கள் நன்கறிவர். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி, நான்முகன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலைச் செய்வித்தான் என்பது அதன் செய்தி.

இக்கல்வெட்டைக் கல் தளியின் பிறப்புச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அதையே திருப்பிப் படித்தால் வேறொரு வரலாறும் கிடைக்கிறது. மகேந்திரர் வேண்டாமென்று விலக்கிய நான்கும் அவருக்கு முன்பு தமிழ்நாட்டுக் கோயில்கள் எவற்றால் ஆகியிருந்தன என்பதற்கான பட்டியல் ஆகும். அப்பட்டியலில் கடைசியாக நிற்கும் சுதையைப் பற்றியதே இக்கட்டுரை. அழியும் பொருள் என்று ஒரு மன்னர் ஒதுக்கிய அச்சாந்து, ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அவரது குடைவரைக்கு மேற்கே, திருவண்ணாமலையில், இருநூறு அடிக்கும் மேலான உயரத்தில் ஏறி அமர்ந்தது. இன்று அதன் இடத்தைச் சிமெண்ட்டும் இரும்புக் கம்பியும் எனாமல் வண்ணமும் பிடித்து வருகின்றன. இந்த மாற்றத்தை வரலாறு விரும்பும் நாம் எப்படி எதிர்கொள்வது?

கல்லுக்கு மேலே

தமிழ் படித்தவர்களுக்குச் சுதை புதிய சொல்லன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞர்களை வரிசைப்படுத்தும்போது 'மண்ணீட்டாளர்' என்றொரு கூட்டத்தாரைச் சொல்கிறது. மண்ணாலும் சுதையாலும் உருவம் சமைத்தவர்கள் இவர்கள் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் பொருள். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'அவர்கள் செய்ததில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?' மிஞ்சியவை மிகச் சில. செய்யும் முறை மட்டும் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் காண நம் மாவட்டத்தில் அண்ணாமலையார் கோயிலைவிடச் சிறந்த இடமில்லை.

ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள இக்கோயிலின் நான்கு வெளிக்கோபுரங்களுள் கிழக்கிலுள்ள இராஜகோபுரம் பதினொரு நிலைகளுடன் 217 அடி உயரம் கொண்டது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சை நாயக்க மரபின் முதல் மன்னரான செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுற்றது. தெற்கில் திருமஞ்சனக் கோபுரம், மேற்கில் பேய்க்கோபுரம், வடக்கில் அம்மணியம்மன் கோபுரம். செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணியம்மாள் என்னும் பெண் துறவி பொருள் திரட்டி முடித்ததால், 171 அடி உயரமுள்ள வடகோபுரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரசர் பெயரால் கோபுரங்கள் அறியப்படும் நாட்டில் ஓர் எளிய பெண்ணின் பெயர் நிலைத்தது நினைக்கத்தக்கது.

இக்கோபுரங்களின் அடிப்பகுதியை நின்று பார்ப்பவர்கள் அவை முழுவதும் கல்லால் ஆனவை என்றே எண்ணுவர். உண்மையில் உபபீடம், அதிட்டானம், சுவர்ப்பகுதி ஆகியவற்றைக் கடந்து, கூரையுறுப்பு வரையில்தான் கருங்கல். அதற்கு மேல் எழும் நிலைகள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஆனவை. உயரம் கூடக் கூட எடை குறைய வேண்டும் என்பதே காரணம். பதினொரு நிலைகளையும் கல்லால் அடுக்கினால் கீழ்ச்சுவர்கள் தாங்க வேண்டிய சுமையைக் கற்பனை செய்து பாருங்கள். ஆகவே கல் சுமந்தது, செங்கல் உயர்ந்தது, சுதை உருவம் தந்தது. மகேந்திரர் விலக்கிய நான்கில் செங்கல், மரம், சுதை மூன்றும் கோபுரத்தின் மேனியாகவும், உலோகம் அதன் உச்சியில் கலசங்களாகவும் திரும்பி வந்துவிட்டன.

சுதையுருவங்கள் வெறும் அணிகலன்கள் அல்ல. கிளிக்கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அருணகிரிநாதர் கிளியுருக் கொண்டு அங்கமர்ந்தார் என்னும் கதையை ஊர் மறக்காமல் வைத்திருக்கிறது. கோபுரத்தின் மீதுள்ள கிளியின் சிற்றுருவை அண்ணாந்து காட்டாத வழிகாட்டி இல்லை. திருப்புகழைப் படித்திராதவர்களும் அந்தக் கிளியைப் பார்த்து அருணகிரியை அறிகிறார்கள். ஏட்டில் ஏறாத செய்திகளும் சுதையில் ஏறியதுண்டு. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். எக்காலத்துக் கண் எதைக் கண்டதோ அதைக் கை செய்தது. சுதை எப்போதும் அந்தந்தக் காலத்தின் சமகாலச் சிற்பம்.

சுண்ணாம்பின் வழி

சுண்ணாம்புக் கல்லையோ, வயல்களில் கிடைக்கும் சுக்கான் கல்லையோ, கடற்கரைக் கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் விட்டால் அது கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை ஆற்று மணலுடன் சேர்த்து, வட்டப் பள்ளத்தில் கல்லுருளையை மாடுகள் இழுக்க அரைத்தெடுப்பர். கடுக்காய் ஊறிய நீர், வெல்லம் அல்லது கருப்பட்டி கரைத்த நீர் ஆகியவை ஊருக்கும் கைமரபுக்கும் ஏற்பச் சேரும். சாந்து புளிக்க நாட்கள் ஆகும்; அவசரப்படுத்த முடியாது.

உருவம் செய்யும்போது உட்கூடு செங்கல் துண்டுகளால் ஆகும். அதன்மேல் கரடான சாந்து, பிறகு நடுத்தரம், கடைசியில் துணியில் வடித்தெடுத்த மென்சுண்ணம் என்று பூச்சு பூச்சாக ஏறும். ஒவ்வொரு பூச்சும் ஓரளவு இறுகிய பின்புதான் அடுத்தது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி, பல மாதங்களும் ஆண்டுகளும் கடந்து மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. காளவாயில் இழந்ததைக் கோபுரத்தில் அமர்ந்து திரும்பப் பெறுகிறது என்று சொல்லலாம். கல்லைச் சுட்டுக் குழைத்து, கையால் வளைத்து, மறுபடி கல்லாக்கும் வித்தை இது.

இவ்வாறு ஆன சுதையில் நுண்துளைகள் உண்டு. மழைக்காலத்தில் செங்கல் குடித்த நீர் வெயிற்காலத்தில் அத்துளைகளின் வழியே வெளியேறிவிடும். சிறு விரிசல்களில் ஈரம் புகுந்தால் கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து ஓரளவு அடைத்தும் கொள்ளும். அதேநேரம் சுதை வலுவற்றதுதான். வெயிலும் மழையும் அரிக்கும். பறவைகள் விதைத்த அரசும் ஆலும் வேர்விடும். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் வழக்கம் கோபுரங்களின் வாழ்நாளோடு பிணைந்தது. சுதை, பழுதுபார்க்கப்படுவதற்கென்றே செய்யப்பட்ட சிற்பம். தாத்தா செய்த கையைப் பேரன் அதே சாந்தால் ஒட்டவைக்கலாம். பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பகை கொள்ளா.

சிமெண்ட்டின் வருகை

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824ஆம் ஆண்டு போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து, இன்றைய ஆலைகளில் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டு அரைக்கும் பொடி அது. இந்தியாவில் அதைச் செய்யும் முதல் முயற்சி நடந்த இடம் நம் சென்னையே என்பது பலர் அறியாத செய்தி. 1904ஆம் ஆண்டு வண்ணாரப்பேட்டையில் கடற்கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்ட் செய்யத் தொடங்கினார்கள், முயற்சி நீடிக்கவில்லை. பின்னர் 1930களில் மதுக்கரையும் டால்மியாபுரமும், 1949இல் தாழையூத்தும் சிமெண்ட் ஊர்கள் ஆயின. காளவாய்க்குப் போன சுண்ணாம்புக் கல் ஆலைக்குப் போகத் தொடங்கியது.

திருவரங்கத்தில் விஜயநகர காலத்து அடித்தளத்தோடு நூற்றாண்டுகளாய் நின்றுபோயிருந்த தெற்கு இராஜகோபுரம், 1987ஆம் ஆண்டு 236 அடி உயரத்தில் பதின்மூன்று நிலைகளுடன் முடிக்கப்பட்டது. நம் தலைமுறையின் பொருள்களால் ஆன கோபுரம் அது. சிமெண்ட் இல்லாமல் அத்தகைய பணியை எட்டாண்டுகளில் முடித்திருக்க இயலுமா என்று கேட்டால், அரிது என்றே சொல்ல வேண்டும். சிற்றூர்களின் நிலையும் இதுவே. ஐயனார் கோயில் குதிரைகளை வேளார்கள் சுடுமண்ணில் செய்த காலம் போய், கம்பி கட்டிச் சிமெண்ட் பூசிய குதிரைகள் நிற்கின்றன. ஊரார் திரட்டும் சிறுபணத்தில் சில வாரங்களில் கோயில் எழுந்துவிடுகிறது. இதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

சிமெண்ட்டில் உயர்ந்த சிற்பம் இயலாது என்பதும் தவறு. 1938ஆம் ஆண்டு சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பத்தைச் செய்தார். இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் சிமெண்ட்டையும் அவ்வூரின் செம்புரைச் சரளையையும் கலந்து வீசிப் பூசி எழுப்பிய உருவங்கள் அவை. கூடை சுமந்து, பிள்ளையோடும் நாயோடும் வேறிடம் பெயரும் ஓர் எளிய குடும்பம். இந்தியாவில் பொதுவிடத்தில் எழுந்த முதல் நவீனச் சிற்பம் என்று கலை வரலாற்றாசிரியர் பலரும் அதைக் கருதுகின்றனர். பைஜ் சிமெண்ட்டைக் கல்போலக் காட்ட முயலவில்லை. சரளையின் சொரசொரப்பையே தோலாக்கினார். கனிமமும் ஆலைப் பொருளும் அங்கே தம் பெயரிலேயே நிற்கின்றன.

சிக்கல் எழுவது, பழைய சுதையின்மேல் சிமெண்ட்டைப் பூசும்போது.

இரண்டு உடல்கள்

சிமெண்ட் சுதையைவிடக் கடினமானது. நுண்துளைகள் வழியே ஈரத்தை விடுவதில் கஞ்சத்தனம் உடையது. பழைய செங்கல்லின் மேலும் சுண்ணாம்பின் மேலும் அதைப் பூசினால் உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியின்றித் தங்கும். சிமெண்ட்டிலிருந்து வரும் உப்புகள் செங்கல்லுக்குள் இறங்கி, காயும்போது படிகமாகி, உள்ளிருந்தே அதைப் பொடியாக்கும். வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. சில மழைகளுக்குப் பின் மேல்பூச்சு ஓடுபோலப் பெயர்ந்து விழும். விழும்போது பழைய சுதையின் மேல்தோலையும் உரித்துக்கொண்டே விழும்.

உள்ளே வைத்த இரும்புக் கம்பியின் கதை தனி. புதுச் சிமெண்ட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றுப்பட்டு அக்காரம் குறையக் குறையக் காப்பும் நீங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். அவ்விடத்தைச் சிற்பத்தைப் பிளந்து எடுத்துக்கொள்ளும். விரலும் காதும் மூக்கும்தான் முதலில் போகும், அங்கேதான் பூச்சு மெல்லியது. வடமாவட்டத்துச் சிறுகோயில் ஒன்றில், செய்து இருபதாண்டும் ஆகாத துவாரபாலகர் ஒருவரின் முன்கை விழுந்து, முழங்கையிலிருந்து சிவந்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கக் கண்டோம். அருகிலேயே, வயது தெரியாத பழைய சுதை யாளி தேய்ந்து மழுங்கியும் முழுமையாக அமர்ந்திருந்தது. சாரத்தில் நின்ற ஸ்தபதியிடம், 'சுண்ணாம்பிலேயே செய்யக் கூடாதா ஐயா?' என்றோம். 'செய்யலாங்க. சாந்து புளிக்கற வரைக்கும் யார் காத்திருக்காங்க? குடமுழுக்குத் தேதி குறிச்சுட்டுத்தானே எங்களக் கூப்பிடறாங்க' என்றார். இத்தனை ஆய்வுரைகளும் சொல்லாததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பொருள் மாறியதற்குப் பின்னால் மாறியிருப்பது காலம்.

வண்ணமும் இதே வழியில் மாறியது. காவிக்கல், மஞ்சள் மண், விளக்குக் கரி போன்றவை சுண்ணாம்புக்குள் ஊறி அதனோடு ஒன்றும். எனாமல் வண்ணம் மேலே தோலாகப் படிந்து, சுதை மூச்சுவிடும் துளைகளை அடைத்துவிடும். அண்ணாமலையாரின் பெருங்கோபுரங்கள் பல்வண்ணம் பூணாமல் வெளிர்நிறத்தில் நிற்பது நம் நற்பேறு. மதுரையின் வண்ணக் கோபுரங்களுக்குப் பழகிய கண், இங்கே நிழலையும் வெளிச்சத்தையும் கொண்டே உருவங்களைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது.

திருக்காளத்தி சொன்ன செய்தி

இராஜகோபுரங்கள் என்றும் நிற்பவை என்னும் நம்பிக்கை 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் தகர்ந்தது. அன்றிரவு திருக்காளத்தி இராஜகோபுரம் முற்றிலும் சரிந்தது. 1516ஆம் ஆண்டு அதை எடுத்தவர் கிருஷ்ணதேவராயர். ஏறத்தாழ அதே காலத்தில் திருவண்ணாமலையில் பணி தொடங்கிய அதே பேரரசர். அந்த வீழ்ச்சிக்குச் சிமெண்ட் காரணம் என்பது நம் வாதமன்று. விரிசல்கள் முன்பே கண்ணுக்குத் தெரிந்தன. வயதும் அடித்தளமும் பேசப்பட்டன. நாம் எண்ணிப் பார்ப்பது வேறொன்றை. விழுந்த அன்று அதன் ஒவ்வொரு நிலையிலும் என்னென்ன உருவங்கள் இருந்தன, எவை பழையவை, எவை எந்தத் திருப்பணியில் புகுந்தவை என்று சொல்லும் முழுமையான பதிவு எத்தனை பேர் கையில் இருந்தது? புதுக்கோபுரம் 2017ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டது. ஐந்நூறு ஆண்டுச் சுதை கண்ட மாற்றங்கள் மண்ணோடு போயின.

கல்வெட்டு பொறித்த சுவருக்கு நாம் காட்டும் மதிப்பில் பாதியைக்கூடச் சுதைக்குக் காட்டியதில்லை. கல்வெட்டுகளைப் படியெடுத்துத் தொகுதி தொகுதியாக அச்சிட்டிருக்கிறோம். சுதைச் சிற்பத்துக்கு ஆண்டில்லை, பெயரில்லை, செய்தவர் கையொப்பமில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இராஜசிம்மன் காலத்து மணற்கல் சிற்பங்களைப் பிற்காலக் காரைப்பூச்சு மூடியதைக் குறித்து ஆய்வாளர்கள் வருந்துவதுண்டு, அது நியாயமே. ஆனால் சுதையாகவே பிறந்த ஒன்றைச் சிமெண்ட் மூடும்போது வருந்துவோர் தொகை குறைவு.

யார் பொறுப்பு?

2002ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலைத் தேசியச் சின்னமாகத் தன் பொறுப்பில் கொள்ள முனைந்தபோது ஊர் திரண்டு எதிர்த்ததை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்போம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, முடிவில் கோயில் அறநிலையத்துறையிடமே இருந்தது. வழிபாடு தடைப்படுமோ என்னும் அச்சம் பொய்யானதன்று. உயிருள்ள கோயிலை அருங்காட்சியகமாக்க எவரும் விரும்பார். அதே ஆண்டு ஒரு குடமுழுக்கும், 2017 பிப்ரவரியில் அடுத்ததும் நடந்தன. கோயில் நம்முடையது என்று உரிமை கொண்டாடிய ஊருக்கு, அதன் சுதை எதனால் பழுதுபார்க்கப்படுகிறது என்று கேட்கும் கடமையும் உண்டல்லவா?

நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. தமிழகக் கோயில்கள், தொல்சின்னங்கள் ஆகியவற்றின் பாதுகாப்புக் குறித்துத் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதம் 75 கட்டளைகள் கொண்ட விரிவான தீர்ப்பை வழங்கியது. நம்பிக்கையூட்டும் முன்மாதிரிகளும் இல்லாமலில்லை. 2012ஆம் ஆண்டு தீயில் சிதைந்த சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டது. திருவரங்கம் கோயிலின் மீட்புப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் கல், மரம், உலோகத்தோடு சுதையும் கற்பிக்கப்படுகிறது. கை இருக்கிறது, சாந்தும் கிடைக்கும். தேதி குறிப்பவர்கள் சில மாதங்களைக் கூடுதலாகத் தந்தால் போதும்.

நாம் செய்யக் கூடியது எளியது. ஊர்க்கோயிலில் பாலாலயம் செய்து சாரம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு நிலையின் சுதையுருவங்களையும் வரிசையாகப் படமெடுத்து வையுங்கள். திருப்பணி முடிந்தபின் அதே வரிசையில் மீண்டும் எடுங்கள். எந்தக் கை புதியது, எந்த முகம் மாறியது, பூசியது சுண்ணாம்பா சிமெண்ட்டா, செய்த ஸ்தபதி யார் என்று ஓர் ஏட்டில் தேதியோடு எழுதி ஒரு படியைக் கோயிலிலும் மற்றொன்றை ஊர் நூலகத்திலும் வையுங்கள். திருப்பணிக் குழுவில் தெரிந்தவர் இருந்தால், பழைய சுதையின்மேல் பூசும் சாந்து எது என்று மரியாதையோடு கேளுங்கள். புதிய சன்னிதிக்குச் சிமெண்ட் பொருந்தலாம். பழைய கோபுரத்துக்கு அது கொடுப்பது கடன், அதைத் தீர்க்கப்போவது நம் பிள்ளைகள்.

மகேந்திரர் சுதையை விலக்கியது அது அழியும் என்பதற்காக. அழியும் என்று தெரிந்தே அதைக் கோபுரத்தில் ஏற்றியவர்கள், அழிவதற்குள் அடுத்த தலைமுறை வந்து பூசும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் அம்மணியம்மாளின் 171 அடியும் இன்றுவரை நிற்கிறது.